உள்ளே விட்ட துணி

நர்ஸ் அளந்தால் பூங்கோதைக்குத் திருப்தி வராது. தையல்காரி. தன் இஞ்ச் டேப்பை எடுத்துக் கணவன் தங்கமாரியின் வயிற்றைத் தானே ஒருமுறை அளந்துவிடுவாள். நீர் கோத்து நாற்பத்திநாலு இஞ்சில் நின்ற வயிறு. ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் மூன்றும் அடைத்துக் கிடந்ததால், கழுத்து வழியாக உள்ளே போய் ஈரலையே துளைத்து ரத்தத்துக்கு வேறு வழி போட்டிருந்தார்கள். "தண்ணி வடிஞ்சிரும்மா," என்றார் டாக்டர். "ஆனா ஈரல் சுத்தம் பண்ணாத ரத்தம் மூளைக்குப் போகும். சிலருக்குப் புத்தி தடுமாறும். வித்தியாசமாப் பேசினா உடனே சொல்லுங்க."

வடிந்தது. நாற்பத்திரண்டு, நாற்பது, முப்பத்தெட்டு. வயிறு பெருக்கப் பெருக்க, தையலுக்கு உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துப் பிரித்து அவன் சட்டைகளைப் பெரிதாக்கியவள், இனி எல்லாவற்றையும் பிடித்துத் தைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலை அவள் டேப்போடு குனிந்ததும், கடையில் அளவு கொடுப்பவர்களைப் போல அவன் இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு.

"டெய்லரக்கா, உள்ள ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தைங்க," என்றான் மரியாதையாக. "ஆஸ்பத்திரியில கெடந்து எளைச்சிட்டேன். வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி ஆக்கிப்போட்டே தேத்திருவா."

நர்ஸ் நாலு கட்டில் தள்ளித்தான் நின்றிருந்தாள். பூங்கோதை டேப்பை அவன் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"எப்ப வேணும்ங்க?" என்று கேட்டாள்.