முப்பத்தேழு நிமிட எறும்பு

ஒரு புயலை முப்பத்தேழு நிமிடம் என் தலையில் உட்கார வைத்திருந்தவன் நான்.

நூலகக் கூடத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து என் மச்சான் மட்டும் கையைத் தூக்கினான். மனைவியின் தம்பி. நான் எங்கே பேசப் போனாலும் கூடவே வருவான்; கேட்பதற்கு அல்ல, திருத்துவதற்கு.

"ஆரம்பிச்சுட்டாரு மாமா. நம்பாதீங்க."

நம்பாவிட்டால் போகட்டும்.

வானிலை நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் காற்றை அளந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவருடம் அந்தப் புயல் வந்தது. எங்கள் தெரு மொத்தமும் ஒரு பள்ளிக்கூட மாடியில் ஒண்டியிருந்தது. ஐந்நூறு பேர்.

"தொண்ணூறு," என்றான் மச்சான்.

காலையில் அடித்த காற்றில் ஓர் எருமை பறந்து போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"தண்ணித் தொட்டி. அதுவும் பிளாஸ்டிக்."

பிற்பகல் இரண்டு மணிக்கு, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் காற்று நின்றது.

வெயில் அடித்தது. ஜன்னல் கம்பியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது.

"அப்பாடா, போயிடுச்சு" என்று ஆளாளுக்கு மூட்டையைத் தூக்கினார்கள்.

புயல் எங்கேயும் போகவில்லை. நாங்கள் அதன் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தோம். மீதிப் பாதி இனிமேல்தான், எதிர்த்திசையிலிருந்து வரும்.

சொன்னேன். மைய அழுத்தம், சுழற்சி, விட்டம் என்று, அலுவலகத்துக்கு அறிக்கை எழுதுவது போலவே சொன்னேன்.

ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவன் கதவுத் தாழ்ப்பாளில் ஏற்கெனவே கையை வைத்துவிட்டான். வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று காலையிலிருந்து அவனுக்குச் சந்தேகம். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுவானாம். போக இருபது நிமிடம், வர இருபது.

அவன் திறந்தால் பின்னாலேயே தொண்ணூறு பேரும் இறங்குவார்கள்.

தொப்பியைக் கழற்றினேன். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குனிந்தேன்.

என் தலை தெருவே அறிந்தது. சுற்றிலும் முடி, நடுவில் பளிங்கு.

"இதுதான்யா புயல். முடி இருக்கற இடமெல்லாம் காத்து. ஒரு எறும்பு இந்தக் காதுகிட்ட ஏறுது. ஒரே காடு. உருண்டு பொரண்டு நடுவுல வந்து நிக்குது. பளிச்சுனு வெயில். அப்பாடா, காடு முடிஞ்சுதுன்னு பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு ஆள் அனுப்புது. அந்தக் காது வரைக்கும் இன்னும் எவ்ளோ முடி இருக்குன்னு பாக்கவே இல்ல!"

ஒரு சிறுமி சிரித்தாள். பிறகு அவள் அம்மா. சிறுமி எழுந்து வந்து என் மண்டையில் விரலால் எறும்பு விட்டாள். வழுக்கை முடிந்து முடி தொடங்கிய இடத்தில் விரல் நின்றது.

"ஐயோ, மறுபடியுமா!"

முப்பத்து மூன்று வருட அறிக்கைகள் செய்யாததை அந்த ஒரு விரல் செய்தது. மூட்டைகள் கீழே இறங்கின.

ஆனால் தாழ்ப்பாளில் இருந்த கை இறங்கவில்லை. அந்தக் கைக்காக நான் கதையை இழுத்தேன். எறும்பு வழுக்கையில் வீடு கட்டியது. மாடி எடுத்தது. வழுக்குகிறது என்று தெரிந்தே மாமியாரைக் கூட்டி வந்தது.

"மாமியார் என்ன சொன்னா?"

கேட்டவன் அவன்தான். கேட்கிற சுவாரசியத்தில் கையை எடுத்துவிட்டான்.

முப்பத்தேழாவது நிமிடம், மாமியார் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலை முழுக்க ஆடாமல் அசையாமல் இருந்த எதிர்ப்பக்க ஜன்னல்கள் மூன்றும் பெயர்ந்து உள்ளே விழுந்தன.

அவ்வளவுதான் என்று கூடத்தில் சொல்லி முடித்து நான் தண்ணீர் குடித்தேன்.

முன்வரிசையில் இருந்த பெண் பின்னால் திரும்பி மச்சானைக் கேட்டார். "சார், எல்லாத்தையும் திருத்துனீங்களே. இதாவது நிஜமா?"

மச்சான் எழுந்து நின்றான். என் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நடந்துச்சு. மறுநாள் போய்ப் பார்த்தேன். பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். கதவும் பூட்டும் அப்படியே நின்னுது."

உட்கார்ந்தான்.

"வீடுதான் இல்ல."