கூரைத் தகரம்

ஏழாவது தகரத்தையும் ஆல்ரிக் தன் வீட்டுக் கூரையிலிருந்து பெயர்த்தெடுத்துவிட்டான். மழை அவன் கட்டில்மேல் நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?” வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் பக்கத்துத் தோட்டக்காரர் குளோவிஸ். “புயல் வருதுன்னு ரேடியோல சொன்னதும் மலையில எல்லாரும் கூரைக்கு ஆணி அடிக்கிறான். நீ ஆணியப் புடுங்குற!”

“அக்காவோட செடிக்கு வேணும்.”

“எது, போன வருசம் ஆட்டுக்கு விருந்து வச்சியே, அந்தச் செடிக்கா?”

ஆல்ரிக் அடுத்த தகரத்தின் ஆணியை நெம்பினான். குளோவிஸ் சொன்னது உண்மைதான். போன வருடம் அக்கா மெர்லீன் அவனைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போன கஞ்சாத் தோட்டத்தை அம்போவென்று விட்டுவிட்டு, ரம் கடையில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது இதே குளோவிஸின் ஆடுகள் கடைசிச் செடியை மென்றுகொண்டிருந்தன.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் ஆடு தேவைப்படவில்லை. பூ முற்றும் நேரமாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மொட்டெல்லாம் பூஞ்சணத்தால் சாம்பல் பூத்து அழுகிப்போனது. வெஸ்ட்மோர்லண்ட் மலையில் ஒவ்வொருவராக வெளிநாட்டு விதைக்கு மாறினார்கள். பழைய நாட்டு விதையை விடமாட்டேன் என்று நின்றவள் மெர்லீன் ஒருத்திதான்.

இந்த வருடம் விதை சீசாவையே தலைகீழாகத் தட்டிக் காலி செய்துவிட்டாள். ஆண் செடிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அது மகரந்தத் தூள் உதிர்த்ததும் அதையும் பிடுங்கிப் போட்டாள். மிஞ்சியவை நாற்பது பெண் செடிகள். ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதிய குச்சி ஒன்றைக் குத்தி வைத்திருந்தாள்.

காற்றோட்டமான மேட்டு நிலம் சும்மா கிடக்க, அத்தனையையும் மூடுபனி தங்கும் பள்ளத்தில்தான் நட்டிருந்தாள். அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று ஆல்ரிக் பயந்தான். கேட்கத் தைரியம் வரவில்லை.

கண் ஆபரேஷனுக்குக் கிங்ஸ்டன் புறப்பட்டபோது பஸ் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். “மழை வந்தா வரட்டும். நீ செடிகிட்டகூடப் போகாத. ஆடு மட்டும் உள்ள வராமப் பாத்துக்க.”

‘நீ தொட்டது எதுவும் விளங்காது’ என்றுதான் அது அவன் காதில் விழுந்தது. நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

முதல் காற்றிலேயே போன் கம்பம் சாய்ந்துவிட்டது; அக்காவைக் கேட்க வழியில்லை. அவன் மூங்கில் நட்டான், தகரம் பரப்பினான், சுற்றிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். ஒரு சொட்டு மழை, ஒரு துளிக் காற்று உள்ளே புகவில்லை. கை இரண்டும் தகரம் கிழித்து ரத்தமாக இருந்தன.

மூன்று நாள் மழை விடவில்லை. கூரையில்லாத வீட்டின் மூலையில் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “கடவுளே, இந்த ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கைவிட்டுடாத” என்று புலம்பிக்கொண்டே இருந்தான்.

நான்காம் நாள் வெயில் அடித்தது. ஒரு கண்ணில் கட்டோடு மெர்லீன் வந்து இறங்கினாள்.

“உன் கூரை எங்கடா? காத்து கொண்டுபோயிடுச்சா?”

“நானே கழட்டி உன் செடிக்குப் போட்டுட்டேன்க்கா! ஒரு பூகூட நனையல. வந்து பாரு!”

அவள் முகம் வெளுத்தது. அவன் அதைக் கவனிக்காமல் முன்னால் ஓடி, தார்ப்பாயை அவிழ்த்து உதறினான்.

புழுங்கிய நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. முதல் வரிசை முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. அதற்கு அடுத்த வரிசையும் அப்படித்தான்.

“மூச்சு விட வழியில்லாம அடைச்சிட்டியேடா” என்றாள் மெர்லீன் மெதுவாக.

ஆல்ரிக் சேற்றில் மண்டியிட்டுவிட்டான். “நானே கொன்னுட்டேனே! ஆடே தேவலாம்க்கா, ஆடே தேவலாம்!”

“அந்த நாட்டு விதைச் சனியனை விட்டுத் தொலை, மெர்லீன்” என்றார் வேலிக்கு அப்பாலிருந்து குளோவிஸ். “வெளிநாட்டு விதை ஒரு பிடி நான் தர்றேன்.”

மெர்லீன் வரிசைக்குள் இறங்கினாள். செடி செடியாகக் குனிந்து, நல்ல கண்ணைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் பிதுக்கினாள், முகர்ந்தாள், குச்சியோடு சேர்த்துப் பிடுங்கி எறிந்தாள். அவள் எறிந்த ஒவ்வொரு செடியையும் ஆல்ரிக் பொறுக்கி மடியில் குவித்தான்.

“ரெண்டு அறை அறைஞ்சிடுக்கா. இப்படிப் பேசாம மட்டும் இருக்காத!”

இருபத்தாறாம் செடியை அவள் பிடுங்கவில்லை. மிச்சமிருந்ததையெல்லாம் பார்த்துப் பிடுங்கி முடித்துவிட்டு, மறுபடி அதனிடமே வந்தாள். அதன் பூவைக் கசக்கியபோது சாம்பல் ஒட்டவில்லை; வரிவரியாய்க் கோடு போட்ட முற்றிய விதைகள் நாலைந்து உள்ளங்கையில் விழுந்தன. அவள் நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அதைப் பார்த்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். “ஒண்ணே ஒண்ணுதானேக்கா மிஞ்சிச்சு? நாப்பதுல ஒண்ணு!”

மெர்லீன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அழுகிப்போகாத அந்த ஒண்ணு எதுன்னு தெரியத்தான்டா நாப்பதையும் நட்டேன்!”