பச்சை வந்த வாக்கியம்

வகுப்பில் யாரோ எழுதிய புத்தக விமர்சனம் பெயரில்லாமல் தாரிகாவின் தொடுதிரைப் பலகைக்கு வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அவள் அதற்குக் கருத்து சொல்ல வேண்டும். அவளும் அந்தக் கதையைப் படித்திருந்தாள். அப்பாவிடம் அடி வாங்கி ஓடிப்போகும் பையன் கடைசியில் வீடு திரும்புவான். விமர்சனத்திலோ, அவன் வாசல் வரை வந்து நின்றதோடு எழுத்து நின்றிருந்தது.

“கதையில உள்ள போயிடறானே. நீ ஏன் வெளியவே நிறுத்திட்ட? உன்னையும் வீட்ல அடிக்கறாங்களா?” என்று தட்டினாள்.

பலகை சிவந்தது. சொந்த விஷயம் கேட்டால் மனம் புண்படும், எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவும் என்றது.

“அம்மா, இதை யாரு எழுதினாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்? பச்சை வர்ற மாதிரி எழுதி அனுப்பீட்டு சாப்பிட வா. போன தடவையே மார்க்கைக் கொறச்சுட்டாங்க.”

வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தாள். சிவப்புதான் வந்தது. கடைசியில் பலகையே எடுத்துக்கொடுத்த வாக்கியத்தைத் தொட்டாள்: ‘நல்ல முயற்சி. முடிவை இன்னும் தெளிவாக எழுதலாம்.’ பச்சை வந்தது.

மறுநாள் பள்ளி வேனில் போகும்போது, திருத்திய விமர்சனம் வந்து சேர்ந்தது. கடைசி வரி மட்டும் புதிது. ‘பையன் விடியும் முன்பே பஸ் ஏறிவிட்டான். இனி வரமாட்டான். கருத்துக்கு நன்றி.’

வகுப்புக்குள் ஓடி ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் பூவரசனின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

கையில் பலகை மெல்ல அதிர்ந்தது. ‘முடிவு இப்போது தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்டது.