செத்தவனுக்கு வந்த செய்தி

நான் செத்துக் கிடந்தேன். மூக்கு அரித்தது.

மேடையின் நடுவில், மரப்பலகை மேல், வெள்ளைத் துணிக்கு வெளியே முகம் மட்டும் தெரியும்படி கிடந்தேன். முதல் காட்சியிலேயே சாகிற வேடம். இடைவேளைக்குத் திரை விழும்வரை மூக்கைச் சொறியக்கூட வழி கிடையாது.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்களைப் பற்றிச் சொல்வார்களே, எனக்கு அந்த ஆசையில் பாதி நிறைவேறிவிட்டது.

‘பிணமாக நடிப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. அம்மா அதை வெட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ‘பிணமாக’ என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டுவாள்.

அன்றைக்குத்தான் எங்கள் குழு அடுத்த நாடகத்தின் முக்கிய வேடம் யாருக்கு என்று அறிவிப்பதாக இருந்தது. ஒரு நீதிபதி தன் மீதான வழக்கைத் தானே விசாரிக்கிற கதை. ஆரம்பம் முதல் முடிவு வரை மேடையிலேயே நிற்கிற வேடம். எல்லாவற்றுக்கும் மேல், அந்த ஆள் கடைசிவரை சாவதில்லை.

அறிவிப்பு வரும் நேரம் பார்த்து நான் பிணம். மேடைக்குப் பின்னால் எல்லோர் கையிலும் போன் இருந்தது. என் போன் சட்டைப்பையில், சட்டை ஒப்பனை அறை ஆணியில்.

வேடம் எனக்குத்தான் என்று ஏற்கெனவே ஊர் பூராவும் சொல்லிவிட்டேன், மாமனார் உட்பட. வீட்டில் பேச்சே தீர்ப்பாகத்தான் வந்தது. தக்காளி வாங்கப் போனால்கூட, இருதரப்பையும் கேட்ட பிறகே வாங்கினேன்.

ஒத்திகைக்கு மனைவியைப் பிடித்துக்கொண்டேன். அவளும் எங்கள் குழுவில்தான் நடிக்கிறாள். இந்த நாடகத்தில் என் விதவையும் அவள்தான். இயக்குநர் முன்னால் நடித்துக் காட்டப் போன அன்றைக்கும், குற்றவாளியின் வசனத்தைப் படிக்க அவளைத்தான் துணைக்குக் கூட்டிப்போனேன்.

அஞ்சலி செலுத்துகிறவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

முதலில் தாடி. நாடகத்தில் என் தம்பி. மலரை வைக்கக் குனியும்போது தினமும் காதில் ஏதாவது கிசுகிசுப்பான். பிணத்தின் வயிறு குலுங்குவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் வாழ்நாள் லட்சியம். அன்று ஒன்றும் சொல்லவில்லை. என் கன்னத்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றான். தாடி அன்பு காட்டுகிறான் என்றால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து டாக்டராக நடிப்பவர். நீதிபதி வேடத்துக்கு எனக்கு ஒரே போட்டி. அவர் விட்ட பெருமூச்சு நாடகத்தில் இல்லாதது. ஆக, அவருக்கும் இல்லை.

சினிமாவிலிருந்து யாரையோ இறக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். இப்போதெல்லாம் நடக்கிறதுதானே. நாடகம் செத்துவிட்டது என்று, செத்துக் கிடந்தபடியே ஒரு நீண்ட பேட்டியை மனதுக்குள் கொடுக்கத் தொடங்கினேன்.

அப்போது என் விதவை வந்தாள். வழக்கம்போல என் நெஞ்சில் விழுந்து அழுதாள். அவள் கூந்தல் என் முகத்தை மூடியது. விசும்பலுக்கு நடுவே காதோரம் பேசினாள்.

“என்னங்க, ஜட்ஜ் வேஷம் எனக்காம். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்னு சொல்லிடறேன். சொல்லிடட்டுமா?”

நடித்துக் காட்டப் போன அன்றைக்கு இரண்டு பேரும் படித்து முடித்ததும், “சும்மா, மாத்திப் படிச்சுப் பாருங்களேன்” என்றார் இயக்குநர். என் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்தேன். அந்த அக்கறையில் நெகிழ்ந்தும் போனேன்.

துணிக்கு அடியில், பார்வையாளர்களுக்குத் தெரியாத பக்கம், அவள் கை என் கையைப் பிடித்தது. பிணத்தால் வாய் திறக்க முடியாது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒருமுறை அழுத்தினால் ‘ஆமாம், சரி’ என்று அர்த்தம், இரண்டு முறை அழுத்தினால் ‘இல்லை, கூடாது’. கேஸை மூடினேனா, வீட்டைப் பூட்டினேனா என்பதெல்லாம் இப்படித்தான் தினமும் விசாரிக்கப்படும்.

வலித்தது. அதற்கு அந்தச் சினிமாக்காரனே வந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனால் மாற்றிப் படித்த அன்று அவள் நீதிபதியாக நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடலாம் போலத்தான் இருந்தது எனக்கு.

ஒருமுறை அழுத்தினேன்.

அடுத்ததை அழுத்துவதற்குள் கொஞ்சம் யோசித்துவிட்டேன். அதற்குள், அதையே ‘சரி’ என்று எடுத்துக்கொண்டு அவள் கை போய்விட்டது.

எழுந்தாள். தன் கடைசி வசனத்தைச் சொன்னாள். தினமும் அழுதுகொண்டே வெளியேறுகிறவள் அன்று அழாமல் நடந்தாள். பக்கத் திரைக்குப் பின்னால் இயக்குநரின் இருமல் கேட்டது. சொல்ல நினைத்ததை உடனே சொல்லிவிடுகிறவள் அவள். சொன்ன பிறகு மாற்றிக்கொள்கிற வழக்கமும் கிடையாது.

இடைவேளை வர இன்னும் இரண்டு காட்சிகள் இருந்தன.

துணியிலிருந்து கையை வெளியே எடுத்தேன். படுத்திருந்த பலகையில் ஓங்கி இரண்டு முறை தட்டினேன்.

முன்வரிசையில் யாரோ அலறினார்கள். தாடி கையிலிருந்த மிச்ச மலர்களைக் கீழே போட்டான். இத்தனை வருடம் அசையாமல் கிடந்து சம்பாதித்த பெயர் அந்த இடத்திலேயே போயிற்று.

பக்கத் திரைவரை போய்விட்ட விதவை நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.