ஈரம் காயாத கிண்ணங்கள்

"கிருஷ்ணப்பா எங்க? அவன் வண்டி உன் வாசல்லதான நிக்குது!"

சம்பத் போட்ட சத்தத்தில், மரத்தைக் குடைந்துகொண்டிருந்த செங்கம்மாவின் உளி நழுவியது. அவன் பின்னால் தடியும் கையுமாக ஒரு கும்பல்.

"பூவரச மரத்தை இறக்கிப் போட்டுட்டு, வண்டிய இங்கயே வுட்டுட்டு அப்பவே ஆத்துப் பக்கம் நடந்து பூட்டான்."

செங்கம்மா குனிந்து உளியை எடுத்துக்கொண்டாள்.

மாநில எல்லையைத் திருத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து நகரிப் பக்கத்து அந்தச் சிற்றூரில் இந்த ரகளைதான். ஊர் மெட்ராஸோடு சேரணும் என்று சம்பத்தின் கூட்டம். ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் கிருஷ்ணப்பா. அவன் மண்டையை உடைக்காமல் விடமாட்டேன் என்று கடைத்தெருவில் சவால் விட்டிருந்தான் சம்பத்.

"அந்தச் சிராய்க் குவியலைக் கிளறிப் பாருங்கடா!" என்றான் ஒருவன்.

செங்கம்மா ஓடிப்போய்க் குவியலுக்கு முன்னால் நின்றாள். கிருஷ்ணப்பா அதற்குள்தான் படுத்திருந்தான்.

"ஐயோ வோணாம்! பச்சை மரத்துல குடைஞ்ச கிண்ணம் அதுக்குள்ள காயுது. காத்துப் பட்டா வெடிச்சிப் பூடும்!"

"எங்களுக்கு ஊரே போவுது, உனுக்குக் கிண்ணம் பெருசாப் பூட்ச்சா?"

குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்த சம்பத், மூலையில் கிடந்த கோடாலியை எடுத்தான். அடுக்கி வைத்திருந்த கிண்ணம் ஒன்றை ஒரே போடில் பிளந்து, துண்டுகளைக் குவியல்மேல் விட்டெறிந்தான்.

"இனிமே அவன்கிட்ட மரம் வாங்குவியா?"

இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. காளஹஸ்தி சிவராத்திரிக் கடைக்கென்று கை காய்த்துப்போகக் குடைந்தவை.

"பாவி! என் வயித்துல அடிக்காதடா!"

கையைப் பிடித்தவளைத் தள்ளிவிட்டான். கடைசிக் கிண்ணமும் பிளந்தது. ஒருவன் தடியோடு குவியலை நெருங்க, சம்பத் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இங்க நின்னுக்கினு இருந்தா அவன் ஆத்தைத் தாண்டிடுவான். ஓடுங்கடா!"

கும்பல் ஆற்றுப் பக்கம் ஓடியது.

சத்தம் அடங்கியதும் செங்கம்மா சிராயை விலக்கினாள். கிருஷ்ணப்பா எழுந்து உட்கார்ந்தான்.

"அந்த சம்பத்து நாசமாத்தான் போவான்!" என்று மண்ணை வாரி இறைத்தாள் அவள்.

"சாபம் வுடாதக்கா," என்றான் கிருஷ்ணப்பா. "அந்தாண்ட என் காலு வெளிய தெரிஞ்சிக்கினு இருந்திச்சி. அவன் பாத்துட்டான். அத மூடத்தான் அத்தினியும் ஒடச்சி ஒடச்சிப் போட்டான்."