சிவந்த நாக்கு

"நாக்க நீட்டுங்கம்மா" என்றாள் அஸ்வினி.

லட்சுமியம்மாள் வாயைத் திறக்கவில்லை. எதுக்கு என்று கண்ணாலேயே கேட்டாள்.

"நீட்டுங்க."

நீட்டினாள். நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது.

"வெத்தல போட்டேன் பாப்பா."

"உங்களுக்கு வெத்தல பழக்கம் இல்லன்னு மொத நாளே ஃபாரத்துல எழுதிக்கினு போயிருக்கேன்."

லட்சுமியம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் ஒரு காலேஜில் முட்டிவலிக்கு ஆராய்ச்சி நடத்துகிறார்கள். பிரம்மதேசம் கிராமத்தில் இருபது பேரைச் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குச் சிவப்பு மாத்திரை, பாதிப் பேருக்கு வெள்ளை. தினம் காலையில் ஒன்று, நாக்கில் வைத்துக் கரைய விட வேண்டும். மூன்று மாதத்துக்கு. உள்ளே மருந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. சிவப்புதான் ஸ்ட்ராங் என்று முடிவு கட்டிவிட்டது.

சீட்டுக் குலுக்கியதில் லட்சுமியம்மாளுக்கு வெள்ளை வந்தது. அவள் புருஷன் தேவநாதனுக்குச் சிவப்பு. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் தின்றால் ரெண்டு பேரும் அவுட். பாட்டிலையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வாரா வாரம் வந்து மாத்திரையை எண்ணி, வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவது அஸ்வினியின் வேலை. வேலைக்கு ஆள் எடுத்த அன்று, ஆராய்ச்சியை நடத்துகிற கவிதா மேடம், ஏன் மேலே படிக்கல என்று எல்லாரையும் கேட்டார். மற்றவர்கள் குடும்ப சூழ்நிலை என்றார்கள். அஸ்வினி, கணக்கில் ஃபெயில், திரும்ப எழுதப் பிடிக்கல என்றாள். அவளைத்தான் எடுத்தார். பார்த்ததை எழுது, பாவம் பார்த்து எழுதாதே என்று சொல்லி அனுப்பினார்.

அஞ்சு வாரமாக அப்படித்தான் எழுதுகிறாள். எப்போதும் மத்தியானம் வருவாள். இன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்ததால்தான் சாயம் போகாத நாக்கு மாட்டியது.

கட்டின புருஷனின் மருந்தைத் திருடித் தின்கிற பொம்பளை. எழுதுவதற்குக் கை பரபரத்தது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மல்லாட்டைக் கொல்லைக்குப் போனாள். தேவநாதன் பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே குந்தி, மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, உங்க மாத்திரைய உங்க வூட்டம்மா திங்கறாங்க. தெரியுமா?"

"மெதுவா பேசு பாப்பா. மொத வாரமே தெரியும்."

"அப்ப நீங்க?"

"அவளுது வெள்ளைய நான் போட்டுக்கறேன். அவளுக்கு வலி ஜாஸ்தி, வாய் வுட்டுக் கேக்க மாட்டா. ஸ்ட்ராங்கானத அவளே தின்னுட்டுப் போவட்டும்."

முதலில் பாட்டிலைப் பரண்மேல் வைத்திருந்தாராம். அந்த முட்டியோடு அவள் ஸ்டூல் போட்டு ஏறியதைப் பார்த்ததிலிருந்து, கை எட்டுகிற மாதிரி அடுப்பு மேடைமேலேயே வைத்துவிட்டாராம்.

"எழுதிடாத பாப்பா. பாட்டில எடுத்துக்கினு போயிட்டா அவ மறுபடி படுத்துக்குவா."

அஸ்வினிக்குக் கோபம் இன்னும் ஏறியது. இப்படிப்பட்ட மனுஷனையா ஏமாற்றுவது? வீட்டுக்குத் திரும்பி, வெக்கமா இல்லையாம்மா என்று லட்சுமியம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

லட்சுமியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"புதுசா ஒரு பூச்சி மருந்து வாங்கினா அவரு இன்னா பண்ணுவாரு தெரியுமா? மொதல்ல ஒரே ஒரு பாத்திக்கு அடிப்பாரு. செடி கருகலன்னாதான் மீதிக் கொல்லைக்கு. ஆராய்ச்சி மாத்திரைங்கறீங்க, அதுவும் செவப்பு. மனுசனுக்கு அப்டி பாக்க வாணாமா? வெள்ளை ஒண்ணும் பண்ணாதுன்னு அதத்தான் அவருக்கு எடுத்து வெக்கறேன், கலரெல்லாம் அவரு பாக்க மாட்டாரு. இன்னும் ஒரு மாசம் நான் தின்னு பாக்கறேன். ஒண்ணும் ஆவலன்னா அவரு தின்னட்டும்."

"உங்களுக்கு எதுனா ஆயிட்டா?"

"அதுக்குத்தான நான் திங்கறேன். அவருகிட்ட சொல்லிடாத பாப்பா."

அஸ்வினி தெருவுக்கு வந்து கவிதா மேடத்துக்கு போன் போட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள்.  ரெண்டு பேரையும் எடுத்துட வேண்டியதுதான், பாட்டிலை வாங்கிட்டு வந்துடு என்றார் மேடம்.

"வலி திரும்பி வந்துடாதா மேடம்?"

"ரெண்டுலயும் மருந்து இல்ல அஸ்வினி. கலரப் பாத்து வலி குறையுதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. இவங்க விலகிட்டதால உங்கிட்ட சொல்றேன். வெளியில சொல்லிடாத."

பார்த்ததையெல்லாம் ஃபாரத்தில் எழுதினாள். பாட்டில் ரெண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

லட்சுமியம்மாளும் இப்போது அங்கேதான் இருந்தாள். புருஷனுக்கு எதிரே குந்தி மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். அஞ்சு வாரத்துக்கு முன்னால் ரெண்டு பேராலும் குந்தவே முடியாது. எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடிக்க வேண்டும்.

பையிலிருந்து எட்டிப்பார்த்த பாட்டிலைக் கண்டதும் ரெண்டு பேர் கையும் நின்றுவிட்டது. ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்கள்.

அஸ்வினி பாட்டிலைப் பைக்குள்ளே அமுக்கினாள்.

"மேடம் சொல்லிட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் முட்டி சுத்தமா சரியாயிடுச்சாம். இனிமே வலி வராதாம். மாத்திரையே வாணாமாம்."

"நெசமாவா பாப்பா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லிப் பாத்திருக்கீங்களா?"

லட்சுமியம்மாள் முட்டியில் கை ஊன்றாமலே எழுந்து வந்தாள். ரெண்டு கையும் கொள்ளாமல் மல்லாட்டையை அள்ளி அஸ்வினியின் பையில் போட்டாள்.

அன்றைக்கு அஸ்வினி வாயால் கொடுத்ததிலும் மருந்து இல்லை.