மனோன்மணி வைக்காத கையெழுத்து

“மனோன்மணி மாட்டனெண்டு சொல்லிப்போட்டாளாம்.”

சிசிலியில் தமிழர் குடியிருக்கும் அல்பெர்கேரியா ஒழுங்கைகள் முழுக்க இதே கதைதான். ஞானசேகரத்தாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொகுதி டெப்புத்தாத்தோவை, அதாவது இவர்கள் வாக்குப் போட்டுச் சிசிலிச் சட்டசபைக்கு அனுப்பிய மனிதரை, வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று தமிழர் பக்கத்தில் மனு எழுதியவர் அவர்தான். அனுப்பியவரைத் திருப்பி அழைக்க இந்த நாட்டில் சட்டமில்லை. ‘பதவியை விட்டு விலகு’ என்று கையெழுத்துச் சேர்த்துக் கேட்கலாம். அந்த ஆள் விலகமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

மனுவில் குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி வரிசையில் தனக்கு வேண்டியவர்களை ஒரு ரெலிபோனில் முன்னுக்குத் தள்ளிவிடுகிறார். மற்றவர்கள் காத்திருந்தே சாகிறார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் அப்படித்தான் செத்தான். இதய ஒப்பரேசனுக்குப் பதினொரு மாதம் காத்திருந்து, போன பங்குனியில் போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி மரியமலரின் கையெழுத்துத்தான் மனுவில் முதலாவது.

அந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ள தமிழர் முப்பத்தேழு பேர். முப்பத்தாறு பேர் வைத்துவிட்டார்கள்.

“நானும் வாறன் அண்ணை,” என்றாள் மரியமலர். “என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்.”

மனோன்மணி வீடு நாலாம் மாடியில். லிப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் மரியமலர் மூச்சு வாங்க நின்றாள்.

“தமயந்தி அக்கா இப்ப படி ஏறுறவவோ?”

“ஓம், ஓம். சந்தைக்குத் தனியப் போட்டு வாறா.”

தமயந்தி ஞானசேகரத்தாரின் மனைவி. அவளுக்கும் இதய ஒப்பரேசன்தான், அதே ஆஸ்பத்திரியில்தான்.

“அவவுக்குப் பன்னிரண்டு நாளிலை கூப்பிட்டவங்கள். ஆரோ வராமல் விட்டதாலை இடம் கிடைச்சதெண்டு சொன்னனீங்கள். எல்லாருக்கும் அப்பிடி அமையுமே?”

“கும்பிட்ட தெய்வம் கைவிடேல்லைப் பிள்ளை,” என்றவருக்கு, யாரிடம் இதைச் சொல்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. விறுவிறென்று ஏறிவிட்டார்.

கதவைத் திறந்த மனோன்மணி, மரியமலரைக் கண்டதும் தலைகுனிந்துகொண்டாள். இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி போடத் திரும்பினாள்.

“தேத்தண்ணி வேண்டாம் தங்கச்சி. இதிலை வையும்.”

“என்னாலை ஏலாது அண்ணை.”

“ஏன்?”

மனோன்மணி கேத்திலில் தண்ணி பிடித்தாள்.

“ஏனெண்டு நான் சொல்லட்டே? ஞாயிற்றுக்கிழமையெண்டால் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. விடிய ரயிலேறிப் பகேரியாவுக்கு ஓடுறீர். ஆற்றை வீட்டுக்கு? டெப்புத்தாத்தோவின்ரை தாய்க்காரிக்குக் கால் பிடிக்க. சனத்துக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?”

“தெரியும் அண்ணை.”

“நீர் வந்த புதுசிலை உம்மடை பெர்மெஸ்ஸோவுக்கு ஆர் அலைஞ்சது? வதிவிடக் கடதாசி இல்லாமல் நிண்ட உமக்கு ஆர் சோறு தந்தது? நானும் தமயந்தியுந்தானே. நன்றியெண்டு ஒண்டு வேண்டாமோ? மலரின்ரை முகத்தைப் பாரும். பாத்து, மாட்டன் எண்டு சொல்லும்.”

மனோன்மணி பார்த்தாள். கண் நிறைந்தது.

மரியமலர் எழுந்தாள். “விடுங்கோ அண்ணை. இவ வைச்சால் அவர் எழும்பி வரப்போறாரே? நான் மெள்ள இறங்குறன். நீங்கள் வாங்கோ.”

அவளுடைய செருப்புச் சத்தம் இரண்டு மாடி இறங்கும்வரை மனோன்மணி காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“போன மாசியிலை தமயந்தி அக்கா மூச்செடுக்க ஏலாமல் கட்டில்லை குந்திக்கொண்டு இருந்தவ. எனக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்கே பகேரியாவுக்குப் போய் அந்தாளின்ரை தாயின்ரை காலிலை விழுந்தன். மனுசி மகனுக்குப் போன் பண்ணினது.”

“என்ன?”

“ஆரும் வராமல் விடேல்லை அண்ணை. ஆரையோ பின்னுக்குத் தள்ளிப்போட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டவங்கள். அதுக்குத்தான் ஞாயிற்றிலை சம்பளமில்லாமல் போய் அந்த மனுசியைப் பாக்கிறன். பிழையைக் கேட்டு வாங்கினவள் நான். இப்ப அது பிழையெண்டு நானே எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? மலருக்கு முன்னாலை இதைச் சொன்னால், பிறகு அவ அக்காவின்ரை முகத்திலை முழிப்பாவே?”

ஞானசேகரத்தார் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். முதல் கையெழுத்து மரியமலர். இரண்டாவது அவர். மூன்றாவது தமயந்தி.

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கீழிருந்து மரியமலரின் குரல் கேட்டது. “என்னவாம் அண்ணை? வைச்சவவோ?”

மனோன்மணி இன்னும் கதவைச் சாத்தவில்லை. அவருக்கு இரண்டடி பின்னால்தான் நின்றாள்.

ஞானசேகரத்தார் படிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, நாலு மாடிக்கும் கேட்கச் சொன்னார்:

“இல்லைப் பிள்ளை. நன்றி கெட்ட சென்மம்.”